எழுபது வளைவுக்கு ஒரு பெட்டி

வண்டியின் சக்தியைக் கூட்டிக்கொள்வதால் லாபம் உண்டா என்று யாராவது கேட்டால், எந்த ரோட்டில் என்று நான் திருப்பிக் கேட்பேன். நாமக்கல்லில் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். லாரிக்காரர்களின் ஊர் அது. பிரேக், ஸ்டீரிங், விளக்கு, புகை என்று வரிசை தவறாமல் பார்த்து, இந்த வண்டி ரோட்டில் ஓடலாம் என்று எஃப்.சி.யில் கையெழுத்துப் போடுவது என் உத்தியோகம். கையெழுத்து வாங்கிப் போன வண்டிகள் பிறகு என்ன ஆயின என்பதைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்வேன்.

ஓய்வு பெற்றதும் லாரிச் சத்தம் எட்டாத இடமாகத் தேடி, கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். என் மனைவிக்கு அதில் இஷ்டமில்லை. எத்தனையோ ஊர்களுக்கு மாற்றலாகிப் போனபோது இஷ்டமில்லை என்று ஒரு முறைகூடச் சொல்லாமல் பாத்திரங்களைக் கட்டியவள், மலைக்கும் அதே மாதிரி கட்டிக்கொண்டு வந்தாள். வந்த பிறகு அவளுக்கு ஒரே ஒரு கவலைதான். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் எங்கள் ஒரே மகன் அடுத்து எப்போது வருவான்?

ஆரம்பத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தான். சனிக்கிழமை மத்தியானம் ஏறுவான், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு இறங்குவான். அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கி மேலே வருவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டி வந்தவனுக்குத் தோள் வலிக்கும், தலை கிறுகிறுக்கும். சாயங்காலமானால் பனி இறங்கிவிடும். ஆகவே அன்று ராத்திரி தங்கித்தான் தீரவேண்டும். அந்த ஒரு ராத்திரிதான் என் மனைவியின் சம்பாத்தியம். அவன் அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து அரிசிப்பருப்புச் சோற்றை நெய்விட்டுச் சாப்பிட்டுக்கொண்டே, ஆபீசில் யார் யாரை முறைத்தார்கள், பக்கத்து ஃபிளாட்டில் என்ன நாய் வளர்க்கிறார்கள் என்றெல்லாம் சொல்வான். பகலில் கேட்டால் “ஒண்ணுமில்லம்மா” என்று சொல்லும் அதே வாய்தான்.

மலைக்காரர்களுக்கு இதில் ஒரு வழக்கம் உண்டு என்பதை வீட்டுக்காரர் எனக்குச் சொல்லியிருந்தார். மரவள்ளியும் மிளகும் போட்டுப் பிழைக்கும் மனிதர், எங்களுக்கு அடுத்த வீடு. மேலே ஏறி வந்த உறவினர் அன்றைக்கே இறங்கிப் போனால், அந்த வீட்டில் ஏதோ வாய்த்தகராறு என்று ஊர் எடுத்துக்கொள்ளும். தகராறு இல்லையென்றால் விருந்தாளி ஒரு ராத்திரியாவது படுத்து எழுந்துதான் போவார். “ஏறுன மனுசன் எறங்கறதுக்கு ஒரு தூக்கம் போடோணுமுங்க. இல்லாட்டி மொகத்துல அடிச்ச மாதிரியாயிருமுங்க” என்றார். நான் சிரித்துக்கொண்டேன். என் மனைவி சிரிக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மகன் டர்போ வைத்த டீசல் கார் ஒன்று வாங்கினான். டர்போ பெரிய மந்திரமில்லை. எஞ்சினிலிருந்து வெளியே போகும் புகை ஒரு விசிறியைச் சுற்றும். அந்த விசிறி இன்னொரு விசிறியைச் சுற்றி எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றை அழுத்தும். காற்று கூடினால் டீசல் கூடும், டீசல் கூடினால் இழுவை கூடும். ஆனால் எஞ்சின் ஓரளவு வேகமாகச் சுற்றினால்தான் விசிறிக்கே விழிப்பு வரும். அதுவரை அது அரசாங்க அலுவலகம் மாதிரி. ஆள் இருக்கும், வேலை நடக்காது. சேலம் நெடுஞ்சாலையில் சீறிய கார், கொல்லிமலை வளைவில் முதல் கியருக்கு இறங்கியதும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. மகனுக்கு அது அவமானமாக இருந்தது. பின்னாலேயே வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்ததாம்.

“இதுக்கு ஒரு பாக்ஸ் இருக்குப்பா” என்றான் ஒரு சனிக்கிழமை. கையோடு கொண்டுவந்தும் இருந்தான். சோப்புப் பெட்டி அளவில் கறுப்பாக ஒரு பெட்டி, இரண்டு வயர், இரண்டு பிளக்கு. பெங்களூரில் ஒரு கடைக்காரன், இரண்டு வாரம் ஓட்டிப் பார், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடு என்று கொடுத்திருக்கிறான். எஞ்சினுக்கு டீசலைத் தள்ளும் குழாயில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கருவி ஒன்று உண்டு. இந்தப் பெட்டி நடுவில் உட்கார்ந்துகொண்டு அழுத்தம் குறைவு என்று சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பிக் கூடுதலாக டீசலை அனுப்பும். கீழே இருந்து வரும் தகவலைத் திருத்தி மேலே அனுப்பும் ஆட்களோடு நான் நிறையவே வேலை பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாருக்கும் பதவி உயர்வு வந்தது.

“எஞ்சினோட குணத்த மாத்தறதுன்னா பதிவு பண்ணின ஆபீசுல முன்கூட்டி அனுமதி வாங்கோணும். தயாரிச்ச கம்பெனிகிட்ட ஒரு சான்று வாங்கோணும். அப்புறம் ஆர்.சி. புக்குல ஏத்தோணும்” என்றேன்.

“அப்பா, இது பிளக்குப்பா. சொருகினா இருக்கும், உருவினா இல்ல.”

“இன்சூரன்ஸ்காரன் அப்படிச் சொல்லமாட்டான்.”

“உங்ககிட்ட லைசென்ஸ் கேக்கலப்பா. வொர்த்தா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னா வெச்சுக்கறேன், இல்லேன்னா திருப்பிக் குடுத்தர்றேன்.”

வெகு காலத்துக்குப் பிறகு என் அபிப்பிராயத்தை ஒருவன் கேட்டான். அதனால் முறையாகவே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் காரவள்ளிக்கு இறங்கினோம். டயரில் காற்று சரிபார்த்தேன். ஏ.சி.யை அணைக்கச் சொன்னேன். முதலில் பெட்டி இல்லாமல் ஒரு ஏற்றம், பிறகு இறங்கி வந்து எஞ்சினை ஆறவிட்டு, பெட்டியோடு ஒரு ஏற்றம். இரண்டு முறையும் அதே ஆட்கள், அதே பாரம், அதே கியர். “அப்பா, இது எஃப்.சி. இல்லப்பா” என்று அவன் அலுத்துக்கொண்டான். எஃப்.சி. என்றால் இவ்வளவு நேரம் யாரும் எடுத்துக்கொள்வதில்லை என்று நான் சொல்லவில்லை.

பலன் நான் எதிர்பார்த்ததுதான். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவிலுள்ள நேரான துண்டில் கார் முன்னைவிடத் துள்ளியது. ஆனால் துள்ளி முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்தது. பிரேக், முதல் கியர், ஸ்டீரிங் முழுத் திருப்பு. விசிறி மறுபடி உறங்கிவிட்டது. எஞ்சின் முக்கும் இடத்தில் பெட்டி உதவவில்லை. உதவின இடத்தில் உதவி தேவைப்படவில்லை. பின்னால் கறுப்பாகப் புகை தள்ளியது. கிளட்ச் கருகும் வாசனையும் லேசாக வந்தது. மேலே சோளக்காடு என்ற ஊரில் இறங்கி டீ குடித்தபோது மகன் முகத்தில் மட்டும் பத்து வயது குறைந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டாள். மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள், கத்தி கையிலேயே இருந்தது.

“ஏனுங்க, நல்லாருக்குன்னு சொல்லிப்போடுங்க.”

“நல்லால்லையே.”

“உங்களுக்கு எதுதான் நல்லாருந்துச்சு? பொண்ணு பாக்க வந்தப்பவே ‘பரவால்ல’ன்னுதான சொன்னீங்க.”

“மலைக்கு அது பிரயோசனமே இல்ல. டீசலுக்குக் கேடு, கிளட்சுக்குக் கேடு.”

“கிளட்சு கெடக்குது. வண்டி சுலுவா ஏறுச்சுன்னா அலுப்பில்லாம வருவான். மாசாமாசம் வருவான். இன்னொரு நாள் சேத்துக்கூட இருப்பான். அவன் வர்றத உட எனக்கு டீசலு பெருசுங்களா?”

வெளியே வந்து என் தீர்ப்பைச் சொன்னேன். இந்த மலைக்கு வேண்டாம். சேலம் நெடுஞ்சாலைக்கு என்றால் ஓரளவு உதவும். நிபந்தனையோடு கொடுத்த சான்று அது. நிபந்தனைச் சான்று வாங்கினவன் நிபந்தனையைப் படித்து நான் பார்த்ததில்லை.

“அப்ப வெச்சுக்கலாங்கறீங்க” என்றான் மகன்.

“மலைக்கு வேண்டாங்கறேன்.”

“மொத்த தூரத்துல மலை எவ்வளவுப்பா?”

“வெச்சுக்க கண்ணு” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. விஷயம் அதோடு முடிந்தது.

அடுத்த மாதமே வந்தான். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், மேல் அதிகாரி என் உத்தரவை ரத்து செய்த திருப்தி தெரிந்தது. பாயைத் தட்டி, போர்வையை வெயிலில் போட்டு, ராத்திரிச் சமையலுக்குப் பருப்பை அளந்து வைத்தாள். மத்தியானம் சாப்பிட்டான், கட்டிலில் கொஞ்சம் புரண்டான், மூன்று மணிக்கு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டான்.

“எங்க கண்ணு?”

“கெளம்பறேம்மா. நாளைக்கு ஒரு வேலை இருக்கு. இப்பத்தான் வண்டி சல்லுனு போயிருதே. பனி எறங்கறதுக்குள்ள கீழ பேளுக்குறிச்சி தாண்டிருவேன், ராத்திரிக்கு பெங்களூர்.”

அவள் போர்வையை எடுத்து உள்ளே வைத்தாள். அவன் காதில் விழாதபடி என்னிடம், “பரவால்லீங்க, வந்தானே” என்றாள்.

அதற்கடுத்த மாதமும் வந்தான். பதினோரு மணிக்கு வருவான், மூன்று மணிக்குப் போவான். வருகைப் பதிவில் குறையே சொல்ல முடியாது. முன்பு வருஷத்துக்கு நாலைந்து தரம் வந்தவன் இப்போது மாதம் தவறுவதில்லை. வாசற்படியில் உட்காரவில்லை என்பது மட்டும்தான். பகலில் அவனிடம் பேச்சு இருக்காது. செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும் இடம் தேடி முற்றத்தில் நடந்துகொண்டிருப்பான். வந்ததற்கும் போவதற்கும் நடுவில் இருக்கும் நேரத்தை அவன் கடந்துகொண்டிருந்தான். இதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்குக் கண் இருந்தது.

வீட்டுக்காரர் ஒரு நாள் மிளகுக் கூடையோடு வந்து நின்றார்.

“ஏனுங்க சார், தம்பி வந்துதுங்களே, எங்க காணோம்?”

“போயிட்டானுங்க.”

“இன்னைக்கேவா? போன தடவையும் அப்படித்தான போச்சுது. என்னங்க, ஊட்ல ஏதாச்சும் பேச்சு வார்த்த தடிச்சுப் போச்சுங்களா?”

“அதெல்லாம் இல்லீங்க. காருக்கு இப்ப வேகம் கூடிப்போச்சு.”

“காருக்கு வேகம் கூடுனா சரி. தம்பிக்கு என்னத்துக்குங்க வேகம்?” என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். உள்ளே பாத்திரம் ஒன்று வைக்கப்பட்ட சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. அன்று சாயங்காலம் என் மனைவி வெளியே வரவில்லை. ஊர் கிணற்றடியில் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும். மகனைத் திட்டி அனுப்பின அம்மா ஆகிவிட்டாள்.

மறுநாள் காலை காபியைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“லாரி பஸ்ஸெல்லாம் அக்கு அக்காக் கழட்டிப் பாத்தவருதான நீங்க?”

“கழட்டறது மெக்கானிக். நான் பாக்கறதோட சரி.”

“அந்தப் பொட்டியக் கழட்டி உடுங்களேன். கழட்டக்கூட வேண்டாம். அவனுக்குத் தெரியாம சும்மா லூசு பண்ணி உட்டாப் போதும்.”

நான் அவளைப் பார்த்தேன். கேலி இல்லை. யோசித்து வைத்துக் கேட்கிறாள்.

“இன்னொருத்தர் வண்டியில அவருக்குத் தெரியாம கை வெக்கறது குத்தம். பாதி மலையில நின்னு போனா என்ன பண்ணுவான்?”

“நிக்க வேண்டாம். பழையபடி மெதுவாப் போனாப் போதும். மெதுவாப் போற வண்டின்னா மத்தியானத்துக்கு மேல எறங்க யோசிப்பான்.”

“சட்டத்துல…”

“நீங்க ரிட்டேர்டு ஆயாச்சு. உங்க சட்டம் இன்னும் ஆகலீங்களா?”

எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. ஆனாலும் அதற்கான வழியை மனம் வகுத்துவிட்டது. பெட்டியின் பிளக்கு இரண்டையும் உருவி, பழைய பிளக்கை அதன் இடத்திலேயே திரும்பச் சொருகினால் கார் தன் சொந்த குணத்துக்குத் திரும்பிவிடும். ஆபத்து எதுவும் கிடையாது. மகன் அன்று காரவள்ளியில் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பெட்டி அங்கேயே ஒட்டியபடி இருக்கும், வேலை மட்டும் செய்யாது. அப்படிப்பட்டவற்றைச் சட்டத்தில் தேடிப் பிடிப்பது கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும்.

அடுத்த முறை அவன் வந்து சாப்பிட்டுக் கட்டிலில் சாய்ந்ததும், அலமாரியிலிருந்த சாவியை என் மனைவி எடுத்து என் கையில் வைத்தாள். அடுக்களை ஜன்னலில் நின்றுகொண்டு, நறுக்கி முடித்த வெங்காயத்தையே மறுபடி நறுக்கினாள். காவல் நிற்கிறாளாம். நான் பானெட்டைத் தூக்கினேன்.

பெட்டி அங்கே இல்லை.

இடத்தை மாற்றி ஒட்டியிருக்கலாம் என்று சுற்றிலும் பார்த்தேன். வயரைப் பின்தொடர்ந்து போனேன். பழைய பிளக்கு பழைய இடத்தில் பூட்டிக்கொண்டு இருந்தது. அதன் கொக்கியின்மேல் மலையின் செம்மண் தூசி அடையாக உறைந்திருந்தது. சமீபத்தில் விரல் பட்ட தடம் இல்லை. முன்பு பெட்டியை ஒட்டி வைத்திருந்த இடத்தில் பசையின் சதுரத் தடம் மட்டும் இருந்தது. அதன்மேலும் அதே தூசி, பக்கத்து இடத்தில் இருக்கும் அதே கனத்தில். நேற்றோ போன மாதமோ கழற்றியது இல்லை. கடைக்காரன் கொடுத்த இரண்டு வாரக் கெடுவுக்குள்ளேயே திருப்பிக் கொடுத்திருக்கிறான். நான் சொன்ன நிபந்தனையைப் படித்த ஒரே ஆள் அவன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இத்தனை மாதமாகச் சல்லென்று போனது அந்தப் பழைய கார்தான். வளைவில் மூச்சு வாங்கும், பஸ்ஸிடம் ஹாரன் வாங்கும் அதே கார். அது மூன்று மணிக்குக் கிளம்பி ராத்திரிக்குள் பெங்களூர் போய்ச் சேர எப்போதும் போதுமானதாகத்தான் இருந்திருக்கிறது. தங்கின காலத்தில் அவன் தங்க வேண்டும் என்று தங்கினான். இப்போது வேண்டாம் என்று போகிறான். ஏன் என்று பானெட்டுக்குக் கீழே தேடிப் பயனில்லை. தங்காமல் வரலாம் என்று ஆன பிறகுதான் அவனால் மாதாமாதம் வர முடிந்திருக்கிறது என்பது மட்டும் எனக்கு அங்கே நிற்கும்போதே தெரிந்துவிட்டது.

உள்ளே வந்தேன்.

“ஆச்சுங்களா?” என்றாள் ரகசியமாக.

“முடியல. கைய வெக்க முடியாத மாதிரி மாட்டியிருக்காங்க. தொட்டா வண்டியே கெளம்பாது.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “கெளம்பலீன்னாத்தான் என்னங்க?” என்று கேட்டாள்.

வெளியே போய்க் கை கழுவினேன்.

மூன்று மணிக்கு மகன் கிளம்பினான். காரைச் சுற்றி வந்தவன் முன்பக்கம் நின்றான். பானெட்டை நான் சரியாக மூடவில்லை. முதல் கொக்கியில் மட்டும் மாட்டிக்கொண்டு விரல் அகலத்துக்கு எழும்பி நின்றது. எத்தனையோ டிரைவர்களை இதற்காகக் கடிந்துகொண்டவன் நான். அவன் அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

“சாமி, பொட்டி இருக்குதுன்னு ரொம்ப வெரசாப் போகாத” என்றாள் அவள், படியில் நின்றபடி. “வளவுல ஆரனடிச்சுப் போ.”

அவன் பானெட்டின்மேல் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினான். கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது.

“சரிம்மா. மெதுவாத்தான் போவேன். அது இருக்கறதாலதான் இன்னிக்கே திரும்ப முடியுது. இல்லேன்னா தங்கித்தான் போகோணும்” என்றான். சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை. “வாரேம்ப்பா.”

கார் முதல் திருப்பத்தில் மறைந்ததும், “பாத்தீங்களா, அவனே சொல்றான்” என்றாள் என்னிடம். குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது, மகன் வாயாலேயே. “போன்ல சொல்லிப்போடறேன். அடுத்த தடவ வரும்போது அந்தப் பொட்டியக் கழட்டி ஊட்ல வெச்சுட்டு வரட்டும்.”

சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தப் பக்கம் அவன் “சரிம்மா” என்றது எனக்கே கேட்டது.

அடுத்த மாதம் பதினோரு மணிக்கு வந்தான். அவன் கை கால் கழுவப் போன இடைவெளியில் அவள் என்னை முற்றத்துக்குத் தள்ளினாள். “போய்ப் பாருங்க, கழட்டிட்டு வந்தானான்னு.” போர்வை அன்றும் கொடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நான் போய்ப் பானெட்டைத் தூக்கி, பசைத் தடத்தையும் அதன்மேல் தூசியையும் வேண்டிய நேரம் பார்த்துவிட்டு, இந்த முறை இரண்டு கையாலும் அழுத்தி மூடினேன்.

“கழட்டிட்டானுங்களா?”

“இல்ல. மறந்துட்டு வந்திருக்கான்.”

“அவனும் எத்தனையத்தான் ஞாபகம் வெச்சுக்குவான், பாவம்” என்று சொல்லிவிட்டு, சோறு போட உள்ளே போனாள்.